ஒரு மீட்டர் மிச்சத் துணி, ஒரு முதுகுப்பை: ஊர்த் தையற்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தெருமுனைக் கடையிலும் வீட்டு முன்கட்டிலும் தையல் மிஷின் மிதிக்கும் அன்புள்ள அக்காமாரே, அண்ணன்மாரே,



பள்ளி திறந்த சில மாதங்களில் உங்கள் கடைக்கு என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். சீருடைப் பேன்ட்டின் மடிப்பை இறக்கிவிட வருவார்கள். பாவாடைக்குக் கொக்கி வைக்க வருவார்கள். அடுத்தது புத்தகப்பை. ஜிப் ரன்னர் கழன்றிருக்கும், அல்லது தோள்வார் தையலோடு பிய்ந்திருக்கும், அல்லது அடிப்பக்கம் நைந்து பென்சில் வெளியே எட்டிப் பார்க்கும். பையைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய பாலியஸ்டர். பின்பக்கத்துப் பூச்சு தூளாக உதிர்கிறது. ஊசி இறங்கிய இடமெல்லாம் மறுபடி கிழிகிறது. "இதுல தையல் நிக்காதும்மா, புதுசு வாங்கிக்கோங்க" என்று அனுப்பிவைக்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரிதான். அந்தப் பையைச் செய்தவர்கள் அது இன்னொரு முறை தையலுக்கு வரும் என்று நினைத்துச் செய்யவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பையை இனிமேல் நீங்களே தைத்துக் கொடுங்கள்.

இதற்குப் புதிய மாதிரி எதுவும் தேட வேண்டியதில்லை. பல நாட்டுப் படைவீரர்கள் நூறு ஆண்டுக்கு மேலாக முதுகில் சுமந்த எளிய கித்தான் பை இருக்கிறது. ஒரு கூடு, ஓர் அடி, ஒரு மூடி, இரண்டு தோள்வார், வாயைச் சுருக்க ஒரு கயிறு. அவ்வளவுதான் அதன் உறுப்புகள். நேர்த்தையல் போடத் தெரிந்த எவரும் அதைத் தைக்கலாம். கிழிந்தால், நேர்த்தையல் போடத் தெரிந்த எவரும் அதைச் சரிசெய்யலாம். அதற்கு வேண்டிய துணியோ நம் நெசவு ஊர்களில் மிச்சமாகக் குவிந்து கிடக்கிறது. துணியும் இருக்கிறது, மிஷினும் இருக்கிறது, கையில் தொழிலும் இருக்கிறது. ஆனாலும் ஊர்ப் பிள்ளைகளின் முதுகில் தொங்குவது மூன்று மாதத்தில் பிய்கிற பை. இந்த நிலை மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

படைவீரர் பையை ஏன் மாதிரியாகச் சொல்கிறேன்? போர்முனையில் இருப்பவருக்குப் பக்கத்தில் கடை கிடையாது. பை கிழிந்தால் தன்னிடம் இருக்கும் ஊசியையும் நூலையும் வைத்து அவரே தைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஊரில் இருப்பவர்கள் அந்தப் பையை லட்சக்கணக்கில், அவசரமாக, கைக்குக் கிடைத்த துணியில், எத்தனையோ பட்டறைகளில் பிரித்துக் கொடுத்துத் தைக்க வேண்டும். இந்த இரண்டு நெருக்கடியும் சேர்ந்து வேண்டாததையெல்லாம் பையிலிருந்து உதிர்த்துவிட்டன.

இதற்கு மிகத் தெளிவான சான்று ரஷ்யப் படையின் 'வெஷ்மெஷோக்'. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்த இந்தப் பையை இரண்டாம் உலகப் போரில் செஞ்சேனை வீரர்கள் முதுகில் சுமந்தார்கள். காக்கிக் கித்தானில் தைத்த ஒரு சாக்கு, ஒரே ஒரு நீள வார். வாரின் இரு முனைகளும் பையின் அடி மூலைகள் இரண்டிலும் தைக்கப்பட்டிருக்கும். நடுப்பகுதியைச் சுருக்கு முடிச்சாகப் போட்டு, பையின் கழுத்தில் மாட்டி இழுத்தால் வாய் இறுகி மூடிக்கொள்ளும். மிச்சமிருக்கும் இரண்டு பக்கமும் தோள்வாராகிவிடும். பையைத் தோளில் மாட்டினால் உள்ளே இருக்கும் பாரமே முடிச்சை இன்னும் இறுக்கும். ஜிப் தேவையில்லை, மூட ஒரு கொக்கிகூடத் தேவையில்லை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைப் பெரிதாக்கி முதுகில் மாட்டியது போன்ற வேலை அது. அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், துணியும் தையலும் தவிர ஒன்றும் அகப்படாது.

இன்னொரு சான்று நம் மண்ணிலும் புழங்கியது. 1937 மாதிரி என்று பெயரிட்டு பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட உபகரணத் தொகுப்பில் ஒரு சிறு முதுகுப்பை உண்டு. கெட்டியாக நெய்த பருத்திப் பட்டைத் துணியில் பெட்டி போலத் தைத்த உடல், முன்னால் மடிந்து விழும் மூடி, அதைப் பிடிக்க இரண்டு பட்டைகளும் பித்தளைக் கொக்கிகளும். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினரும் இதைச் சுமந்தார்கள், இந்தியாவிலும் இது தயாரானது. போர் முடிந்ததும் மிஞ்சிய பைகள் பல நாடுகளில் ராணுவ மிச்சப் பொருள் கடைகளுக்கு வந்தன. மாணவர்களும் மீன்பிடிக்கப் போகிறவர்களும் மலையேறுகிறவர்களும் மலிவாக வாங்கி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். அவற்றில் பல இன்றும் பழம்பொருள் விற்பவர்களிடம் கிழியாமல் கிடைக்கின்றன.

கெட்டித் துணி நெய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் மில், மக்கள் வாயில் பின்னி மில், காக்கி ட்ரில் துணிக்குப் பேர்போனது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் அங்கிருந்து காக்கி போனது.  மில் 1996இல் மூடிவிட்டது. ஆவடியில் 1961இல் தொடங்கிய ராணுவ உடைத் தொழிற்சாலையில் படைவீரர்களின் சீருடைகள் இன்றும் தைக்கப்படுகின்றன. கெட்டித் துணியை வெட்டித் தைக்கும் தொழில் நம் ஊருக்குள் நெடுநாளாக இருக்கிறது என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

இனி துணிக்கு வருவோம். ராணுவ மிச்சம்தான் வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். நமக்கு வேண்டிய மிச்சம் நெசவு ஊர்களில் இருக்கிறது. ஏற்றுமதிக்கு ஆர்டர் எடுப்பவர்கள், பழுது வந்தால் ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாகவே நெய்வார்கள். ஆர்டர் போன பிறகு அந்தக் கூடுதல் அப்படியே தங்கிவிடும். சாயம் ஒரு படி கூடியோ குறைந்தோ போனதால் திருப்பி வைக்கப்பட்ட துணியும் சேரும். தானின் கடைசித் துண்டுகளும் சேரும். கரூரில் மேசை விரிப்பு, சமையலறை ஏப்ரன், நாற்காலி உறை என்று வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதியாகின்றன. அவற்றில் கெட்டியான பருத்தித் துணியும் உண்டு. ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும் கட் பீஸ் வியாபாரிகளிடமும் விசாரித்தால் எடைபோட்டே வாங்கலாம். திருப்பூர்ப் பனியன் துணி மட்டும் இதற்கு ஆகாது. அது இழுபடும், பாரம் ஏற்றினால் பை தொங்கிவிடும். நெய்த துணிதான் வேண்டும்.

அதுவும் கிடைக்காத ஊரில் பழைய ஜீன்ஸ், காக்கிப் பேன்ட், சோபா உறைத் துணி, கூடாரத் துணி, லாரித் தார்ப்பாய் எதுவும் சரிவரும். காலருக்குள் வைக்கும் கேன்வாஸை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். கையில் பிடித்தால் தானாக நிமிர்ந்து நிற்கும் அளவுக்குக் கெட்டியான துணியைத் தேடுங்கள். ஜி.எஸ்.எம். கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில், 300 முதல் 400 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் வீட்டு மிஷினில் மடிப்புகள் மேல் ஊசி ஏறுவது கடினம்.

மிச்சத் துணி வாங்கும்போது மூன்று சோதனைகள் செய்யுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: இழை விட்டுப்போன இடமும் பொத்தலும் தெரிந்துவிடும். ஓரத்தில் சிறிதாக வெட்டிக் கையால் கிழித்துப் பாருங்கள்: காகிதம் போலச் சட்டென்று கிழிந்தால் அந்தத் துணி ஈரத்தில் கிடந்து இற்றுப்போனது, வாங்காதீர்கள். ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள்: காகிதம் கருகும் வாசனையும் சாம்பலும் வந்தால் பருத்தி, உருகி மணி போலக் கட்டிக்கொண்டால் பாலியஸ்டர், இரண்டும் சேர்ந்து வந்தால் கலப்பு. மூன்றிலும் பை தைக்கலாம், ஆனால் எது என்று தெரிந்து தைக்க வேண்டும். வாங்கி வந்த பிறகு, பருத்தி என்றால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சுருங்க வேண்டியது முதலிலேயே சுருங்கிவிடட்டும்.

அளவு சொல்கிறேன். பெரியவர்களுக்கும் மேல்வகுப்பு, கல்லூரி மாணவர்களுக்கும் ஏற்ற பை: அகலம் 12 அங்குலம், ஆழம் 6, உயரம் 18. கொள்ளளவு சுமார் 21 லிட்டர். 58 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் போதும். கூட்டுக்கு 37 அங்குல அகலம், 24½ அங்குல உயரத்தில் ஒரே துண்டு; 18க்கு மேல் இருக்கும் உயரம் வாய்ச் சுருக்குக்கும் மடிப்புக்கும் தையலுக்கும். உயரம் பாவு நூல் ஓடும் திசையில் இருக்கட்டும். பக்கத்தில் மிஞ்சும் பகுதியில் 8 அங்குல அகலம், 18 அங்குல நீளத்தில் தோள்வாருக்கு இரண்டு பட்டை. கீழே மிஞ்சும் பட்டியில் மூடிக்கு 13க்கு 13இல் இரண்டு துண்டு, அடிக்கு 13க்கு 7இல் இரண்டு துண்டு. அதற்குப் பிறகும் மிஞ்சுவதில் வெளிப்பாக்கெட்டும் ஒட்டுத் துண்டுகளும் வந்துவிடும். குப்பைக்குப் போவது ஒரு கைப்பிடிதான்.

கிடைத்தது சிறு துண்டுகள் என்றால் கூட்டை நான்கு பலகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் 13 அங்குலம், பக்கங்கள் இரண்டும் 7 அங்குலம், உயரம் அதே 24½. தையல் கூடும், வேறு குறையில்லை. நான்கு பலகையும் நான்கு நிறத்தில் இருந்தாலும் பை அழகாகவே இருக்கும். அடிக்கும் முதுகுப்பக்கத்துக்கும் கெட்டியான துணியை ஒதுக்குங்கள். தேய்மானம் அங்கேதான்.

தைக்கும் வரிசை முக்கியம். கூட்டை மூடுவதற்கு முன், துணி தட்டையாக இருக்கும்போதே பாக்கெட், தோள்வார், மூடி மூன்றையும் அதன்மேல் தைத்து முடித்துவிடுங்கள். கூட்டுத் துணியில் ஓர் ஓரத்திலிருந்து அரை அங்குலம் தையலுக்கு விட்டு, பின்பக்கம் 12, பக்கம் 6, முன்பக்கம் 12, மறுபக்கம் 6 என்று சாக்பீஸால் கோடு போட்டால் மடிப்பு எங்கே வரும் என்று கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு ஓரங்கள் இரண்டையும் சேர்த்து, ஜீன்ஸ் தொடைப்பக்கத்தில் இருப்பது போல ஒன்றுக்குள் ஒன்றை மடக்கி இரட்டைத் தையல் போடுங்கள். ஓவர்லாக் தேவைப்படாது, பிசிறும் வராது. அடுத்து வாய்ப்பக்கத்தை 2 அங்குலம் உள்ளே மடக்கிக் கயிறு ஓடும் குழாயாகத் தையுங்கள். கயிறு வெளியே வர, மடக்குவதற்கு முன்பே முன்பக்கத்தில் இரண்டு காஜா எடுத்துவிடுங்கள். காஜாவுக்கு அடியில் ஒரு சிறு ஒட்டுத் துணி வையுங்கள். கடைசியாக அடியைச் சேருங்கள். அடி இரட்டைத் துணியாக இருக்கட்டும். மூலைகளில் கூட்டுத் துணிக்குச் சிறு வெட்டுக் கொடுத்தால் சுருக்கமில்லாமல் திரும்பும். உள்ளே தெரியும் ஓரத்தை நாடாவால் மூடித் தையுங்கள்.

பை பிய்கிற இடம் தோள்வார் தொடங்கும் இடம்தான். கடைப்பையில் அந்த வாரை மேல் மடிப்புக்குள் செருகி ஒற்றைத் தையலில் விட்டுவிடுகிறார்கள். பாரம் முழுவதும் அந்த ஒற்றை வரிசையில் தொங்குகிறது. பாரத்தைத் தையலிலிருந்து துணிக்கு மாற்றுவதுதான் நம் வேலை. பின்பக்கத்தின் உள்ளே 6 அங்குலத்துக்கு 4 அங்குலத்தில் இரட்டைத் துணி ஒட்டு வையுங்கள். வார் அதன்மேல் 2 அங்குலமாவது படிந்து கிடக்க வேண்டும். சுற்றிக் கட்டம் கட்டி, நடுவே குறுக்காகப் பெருக்கல் குறி போட்டுத் தையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் தையல் கட்டாயம். இரண்டு வாருக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி போதும். அதிகமானால் வார் தோளை விட்டு வழுக்கும். கீழ்முனைகளுக்கு அடி மூலைகளில் முக்கோணத் துண்டு ஒன்றை மடித்து அடித்தையலோடு சேர்த்துப் பிடியுங்கள். அங்கே கட்டில் நாடாவைக் கோத்துவிடலாம்.

தோள்வாருக்கு 8 அங்குலப் பட்டையை நான்காக மடித்தால் 2 அங்குல வார் கிடைக்கும். உள்ளே பழைய கம்பளித் துண்டு ஒன்றை வைத்தால் தோளை அறுக்காது. நீளம் கூட்டக் குறைக்க, வாரின் நுனியில் இரண்டு டி வளையங்களைக் கோத்து, நாடாவை இரண்டுக்குள்ளும் விட்டு ஒன்றின் மேல் திருப்பி இழுத்தால் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பக்கிள் போல உடைந்துபோகாது. மூடியைப் பிடிக்க ஒரு நாடாவும் ஒரு மரப் பொத்தானும் போதும்.

ஊசி 16ஆம் நம்பர், கெட்டித் துணிக்கு 18. நூல் ஜீன்ஸ் தைக்கும் பாலியஸ்டர் நூல். தையலை நெருக்கிப் போடாதீர்கள். அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு வரை இருந்தால் போதும். சட்டைக்குப் போடுவது போல நெருக்கினால் துணியில் துளைகள் வரிசைகட்டி, அஞ்சல்தலை ஓரம் போலக் கிழிய வழியாகிவிடும். மடிப்புகள் சேரும் இடத்தில் சிறு சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பித் தையுங்கள். பழைய கறுப்பு மிதி மிஷின் இந்த வேலைக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். மூலையில் துணி போர்த்தி வைத்திருப்பவர்கள் அதை எடுத்து எண்ணெய் விடுங்கள்.

மழைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கெட்டிப் பருத்தித் துணி நனைந்தால் நூல் ஊறிப் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். தூறலுக்கு அது தாங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் தாங்காது. குளிர் நாடுகளில் துணியின் மேல் மெழுகு தேய்ப்பார்கள். நம் வெயிலில் மெழுகு இளகிச் சட்டையில் ஒட்டும். உடைந்த குடையின் துணியைப் பிரித்து, உள்ளே தனியாகப் போட்டு எடுக்கும் ஒரு பையாகத் தைத்துக் கொடுங்கள். புத்தகம் நனையாது, துவைக்கவும் சுலபம்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது எடையை மறக்காதீர்கள். மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை, புத்தகத்தோடு சேர்த்த பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ, மூன்று முதல் ஐந்து வரை 1.7 முதல் 2.5 கிலோ, பதினொன்று, பன்னிரண்டுக்கு 3.5 முதல் 5 கிலோ. 300 ஜி.எஸ்.எம். துணி ஒரு மீட்டர் எடுத்தாலே 440 கிராம் வந்துவிடுகிறது. அதனால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பெரியவர் அளவைக் கொடுக்காதீர்கள். அகலம் 10, ஆழம் 5, உயரம் 14 அங்குலம் போதும். துணியும் 250 ஜி.எஸ்.எம். அளவில் மெலிதாக இருக்கட்டும். பை பெரிதாக இருந்தால் அதை நிரப்ப ஏதாவது வந்துசேரும். சிறிதாகத் தைத்துக் கொடுப்பதும் பிள்ளையின் முதுகுக்கு நீங்கள் செய்யும் உதவி. பெரிய பைகளுக்கு முதுகுச் சட்டம் வைக்கும் முறை 1909இல் நார்வேயின் ஓலே பெர்கன் காப்புரிமை பெற்றதிலிருந்தே உண்டு. நாம் பேசும் பாரத்துக்கு அது வேண்டாம். முதுகுப்பக்கம் இரட்டைத் துணியாக இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ராணுவ மாதிரி என்று சொன்னதும் சிலர் புள்ளியும் திட்டும் போட்ட படைச் சீருடைத் துணியில் தைத்துக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தின் மீது நடந்த தாக்குதலுக்குப் பின், படைச் சீருடை மாதிரி உடைகளைப் பொதுமக்கள் அணியவும் கடைகள் விற்கவும் வேண்டாம் என்று ராணுவம் கேட்டுக்கொண்டது. 2022இல் அறிமுகமான புதிய சீருடையின் வடிவமைப்பு உரிமையும் ராணுவத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு அவர்களுடைய உடையையோ அடையாளத்தையோ அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி குற்றம். நாம் எடுத்துக்கொள்வது பையின் அமைப்பை மட்டுமே. பாசிப்பச்சை, காக்கி, சாம்பல், கருநீலம், மஞ்சள் என்று ஒற்றை நிறத் துணி எதுவும் நன்றாக இருக்கும். முத்திரையும் எழுத்தும் எண்ணும் வேண்டாம்.

"கடையில் குறைந்த விலைக்குப் பை தொங்கும்போது இதை யார் வாங்குவார்கள்?" இந்தக் கேள்வி எனக்கும் புரிகிறது. அந்த விலைக்கு நீங்கள் தைக்க முடியாது, தைக்கவும் கூடாது. துணிக்கு, நூலுக்கு, வளையத்துக்கு ஆன செலவோடு உங்கள் அரை நாள் கூலியைக் குறைக்காமல் சேர்த்து விலை சொல்லுங்கள். அதோடு கடைக்காரர் கொடுக்க முடியாத ஒன்றை நீங்கள் கொடுக்கலாம்: "இந்தப் பை கிழிந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன்." இந்த ஒரு வாக்கை நம்பி வாங்குகிறவர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு பை வாங்கும் வீடு, இரண்டு பைக்கான பணத்தை ஒரே பைக்குக் கொடுத்தாலும் அதற்கு நட்டமில்லை. அந்தப் பணமும் உங்கள் தெருவுக்குள்ளேயே நிற்கும்.

எளிய பைக்கு மதிப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். ஸ்வீடனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதுகுவலி அதிகமாகிறது என்ற செய்தி வந்தபோது, 1978இல் ஃபியல்ராவென் நிறுவனம் கோங்கென் என்ற சிறு பெட்டிப்பையை விற்கத் தொடங்கியது. இரண்டு ஏ4 கோப்புகள் அடங்கும் அளவு, இரண்டு எளிய வார், வேறு அலங்காரம் இல்லை. இன்றும் அது உலகமெங்கும் விற்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் ஃப்ரைடாக் சகோதரர்கள் 1993இல் பழைய லாரித் தார்ப்பாயை வெட்டிப் பை தைத்தார்கள். கார் சீட் பெல்ட் தோள்வாராயிற்று, சைக்கிள் டியூப் ஓரப் பட்டையாயிற்று. கழித்துப்போட்ட பொருளில் தைத்தது என்பதாலேயே மக்கள் அதைத் தேடி வாங்கினார்கள். நம் ஊரில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு, துணிப்பையோடு கடைக்குப் போவது பெருமையாகவே ஆகியிருக்கிறது. கைக்கு ஒரு மஞ்சப்பை வந்ததுபோல முதுகுக்கும் ஒரு துணிப்பை வரலாம்.

கூட்டுறவுச் சங்கங்களில் பள்ளிச் சீருடை தைக்கும் சகோதரிகளுக்கும் சுய உதவிக் குழுக்களின் சகோதரிகளுக்கும் தனியாக ஒரு சொல். சீருடை வேலை ஒரு பருவத்தில் குவியும், அப்புறம் மிஷின் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் இந்தப் பையைத் தைக்கலாம். ஒருவர் வெட்ட, ஒருவர் வார் மடிக்க, ஒருவர் கூடு சேர்க்க என்று பிரித்துக்கொண்டால் வேலை வேகமாக ஓடும். மூடையாகத் துணி எடுக்கவும் ஒரு குழுவால் முடியும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே பை கொடுக்கிறது. அது நடு ஆண்டில் கிழிந்துபோனால் கைகொடுக்க உங்கள் பை இருக்கட்டும். கல்லூரி மாணவர், பைக்கில் வேலைக்குப் போகிறவர், மலையேறுகிறவர், சபரிமலைக்கும் பழனிக்கும் நடக்கிறவர் என்று தோளில் பை மாட்டுகிற எல்லோரும் உங்கள் வாடிக்கையாளர்களே.

தையல் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சி வகுப்பில் ஜாக்கெட்டும் சுடிதாரும் கற்றுக்கொடுக்கிறீர்கள். அவற்றோடு இந்தப் பையையும் சேருங்கள். நேர்த்தையல், இரட்டைத் தையல், மூலை திருப்புதல், காஜா, ஒட்டு, பலப்படுத்தும் கட்டத் தையல் எல்லாம் இந்த ஒரு பையிலேயே வந்துவிடுகின்றன. அளவு பிசகினாலும் உடையைப் போல வீணாகாது, கொஞ்சம் சிறிய பையாகத் தைத்துவிடலாம். பயிற்சி முடிந்து போகும் பெண்ணின் தோளில் அவளே தைத்த பை இருக்கும். அவளுக்கு வேறு விளம்பரம் வேண்டாம்.

ஆயத்த ஆடை வந்த பிறகு உங்கள் வேலை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சட்டை தைக்க ஆள் வருவதில்லை. மடிப்பு இறக்கவும் ஜிப் மாற்றவும்தான் வருகிறார்கள். உங்கள் கைத்தொழில் ஒட்டுப்போடும் வேலையோடு நின்றுவிடக் கூடாது. முழுதாக ஒரு பொருளை வெட்டி, தைத்து, உங்கள் பெயரைச் சொல்லி விற்கும் வேலை திரும்ப வர வேண்டும். இந்தப் பை அதற்கு ஒரு நல்ல வழி என்று நம்புகிறேன்.

ஆகவே, இந்த வாரம் சந்தைக்குப் போகும்போது ஒரு மீட்டர் கெட்டித் துணி எடுத்து வாருங்கள். முதல் பையை விற்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுத்து ஒரு பருவம் சுமக்கச் சொல்லுங்கள். எங்கே தேய்கிறது, எங்கே இழுக்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள். இரண்டாவது பையைக் கடை வாசலில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதிவையுங்கள்: "இங்கே தைத்தது. கிழிந்தால் இங்கேயே தைத்துத் தரப்படும்."

அன்புடன்,
உங்களைப் போலவே மிஷின் மிதிக்கும் ஒரு தையற்காரர்